கோமதிநாயகம் தள்ளிவைத்த ரெசிஸ்டர்

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு மாடியறையில் ஜெபக்கனி டீச்சர் வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. சீடர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். தபால்காரராக இருந்தவர், பஸ் ஓட்டுகிறவர், பல் வைத்தியர் என்று எல்லா வகையும் உண்டு. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஈயப் புகையில் இருமிக்கொண்டிருப்பார்கள்.

கோமதிநாயகம் அவர்களில் ஒருவர். முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் பறிமுதல் செய்து, உறையில் போட்டு, அரக்கு வைத்து, கையெழுத்தும் போட்டுவிடுவார். வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் அரக்கைத் தேடுவார் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

முதல் நாள் டீச்சர் கேட்டார்.

"இத எதுக்குக் கத்துக்கணும்ங்கீய, அண்ணாச்சி?"

"பேட்டையில ஆவுடையப்ப ஆசாரின்னு ஒருத்தர் இருக்காரு. தராசு செய்யுதவரு. அவரு செஞ்ச பதினோரு தராச நான் தள்ளியிருக்கேன். மயிரிழைப் பிசகுதான். ஆனா பிசகு பிசகுதானே டீச்சர்?"

"செரி."

"நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு ஆபீசுக்கு வந்தாரு. வாழ்த்த வந்திருக்காருன்னு நெனச்சு எந்திரிச்சு நின்னேன். 'சார், அடுத்தவன் செஞ்சத இம்புட்டு வருசமாப் பாத்துட்டீய. சொந்தக் கையால ஒரே ஒரு சாமான் செஞ்சு நிப்பாட்டிக் காட்டுங்க பாப்போம்'னாரு. எல்லார் முன்னாடியும்."

"கோவம் வந்துச்சா?"

"கோவம் வந்திருந்தா அன்னைக்கே போயிருக்கும். இது போகல."

டீச்சர் பெஞ்சில் இடம் காட்டினார்.

அவர் கட்ட எடுத்துக்கொண்டது ஒரு ப்ரீ ஆம்ப். ரிக்கார்டு பிளேயரின் முள்ளில் பிறக்கிற ஒலி கடுகளவுதான். அதை வளர்த்து, இசைத்தட்டு வெட்டும்போது குறைத்துவைத்த அடித்தொனியைத் திரும்ப நிரப்பி, பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவைக்கிற சின்னப் பெட்டி அது. உள்ளே ஒரே ஒரு வால்வு. அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு அறைகள். முதல் அறை பாட்டை வாங்கிக் கொஞ்சம் வளர்த்து இரண்டாம் அறைக்குக் கொடுக்கும். இரண்டாம் அறை இன்னும் வளர்த்து வெளியே கொடுக்கும்.

டீச்சரிடம் இரண்டே விதிகள்தான். பெட்டியில் கரண்ட் இருக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே ஓடுவது இருநூற்றைம்பது வோல்ட். இரண்டாவது விதி, சீடன் கட்டிய பெட்டியை டீச்சர் திறந்து பார்க்க மாட்டார். கெஞ்சினாலும் திறக்க மாட்டார்.

கோமதிநாயகத்தின் பெட்டி முதலில் உர்ரென்று இரைந்தது.

"டீச்சர், தேனீக்கூடு மாதிரி இரையுது. வாங்கின வால்வு சரியில்ல. தள்ளிருவமா?"

"வால்வுக்குச் சூடு குடுக்க ரெண்டு ஒயர் போவுதுல்லா, அது எப்படிப் போவுது?"

"தனித்தனியா, ஸ்கேல் வச்சு, நேரா."

"முறுக்கி விடுங்க."

"நேரா இருக்கதையா முறுக்கணும்?"

"ஒண்ணு போறப்ப இன்னொண்ணு வருது. ரெண்டும் ஒட்டிக் கெடந்தா ஒண்ணோட இரைச்சல இன்னொண்ணு தின்னுரும்."

அவருக்கு மனசே வரவில்லை. அத்தனை நேராக இழுத்த ஒயர். ஆனாலும் முறுக்கினார். இரைச்சல் அடங்கியது. அன்று அவர் வீட்டுக்குப் போகும் வழியில் அல்வா வாங்கினார்.

இதற்கு அடுத்த வாரம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

டீச்சர் கொடுத்த வரைபடத்தில், பாட்டு இரண்டாம் அறைக்குள் நுழைகிற வாசலில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது, கரண்டைக் கொஞ்சமாக மட்டும் விடுகிற சின்னக் குச்சி. ஒரு மெகா ஓம். அதன் ஒரு கால் வாசலில். இன்னொரு கால் நேராக எர்த்தில். கோமதிநாயகம் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். வருவதே கடுகளவுப் பாட்டு, அதில் ஒரு பங்கை மண்ணுக்குத் திருப்பிவிட ஒரு குழாயா! மண்ணெண்ணெய் அளக்கும் படியின் அடியில் ஊசித்துளை போட்டுவைத்த எத்தனை கடைக்காரர்களை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். ஓட்டையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் யாரும் பார்க்காத நேரமாக அந்த ரெசிஸ்டரைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பெட்டி ஒரு மாதிரியாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. முள்ளை வைத்ததும் நன்றாகத்தான் பாடும். அவர் சோதனைக்கு வைத்திருந்தது ஒரு நாகஸ்வரத் தட்டு. ஆலாபனை முடியும்வரை குறை சொல்ல முடியாது. தவில் சேர்ந்து பலமாக அடிக்கத் தொடங்கியதும் நாகஸ்வரம் மூக்கடைத்துக்கொள்ளும். பிறகு மெலியும். பிறகு தூரத்துத் தெருவில் ஊர்வலம் போகிற மாதிரி ஆகி, நின்றே போகும்.

அவர் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தார். கறுப்பு ஒயரை எர்த்தில் மாட்டி, சிவப்பு ஒயரை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். எல்லா வோல்ட்டும் சரி. இரண்டாம் அறை வாசலில் சிவப்பு ஒயரை வைத்ததும் பெட்டி மறுபடி கணீரென்று பாடியது. எடுத்ததும் மெலிந்தது. வைத்தார், பாடியது.

கோமதிநாயகத்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைக்காரர்களும் அப்படித்தான். ஆய்வாளர் நிற்கும்வரை தராசு ஒழுங்காக நிற்கும், தலை மறைந்ததும் சாயும். பெட்டியும் ஆள் பார்த்து நடிக்கிறது என்றே முடிவு கட்டினார். ஆனாலும் டீச்சரிடம் கேட்டுவைத்தார்.

"டீச்சர், அளக்கும்போது ஒழுங்கா இருக்கு. கைய எடுத்தா கெட்டுப்போவுது. இது ஏன்?"

டீச்சர் வேறொருவருடைய வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்துல உள்ளது எல்லாம் போட்டீயளா அண்ணாச்சி?"

"போட்டாச்சு."

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கேட்ட பொய்கள் ஒரு லாரி தேறும். அவராகச் சொன்னது இதுதான் முதல் என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லும்போது காது மடல் சூடானது.

டீச்சர் அவர் காதையே பார்த்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழம கொண்டாங்க. உங்க பெட்டிக்கு அன்னைக்கு ஒரு பக்கம்."

ஒரு பக்கம் என்பது அந்த மாடியின் வழக்கம். பெட்டி கட்டி முடித்தவர் ஞாயிறு மதியம் எல்லார் முன்னாலும் ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுசாக ஓட்டிக்காட்ட வேண்டும். முள்ளை வைத்தபிறகு பெட்டியை யாரும் தொடக் கூடாது. பாதியில் நின்றால் பொழுது சாய்வதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி ஓட்டலாம். பொழுதும் சாய்ந்துவிட்டால் பெட்டியைப் பிரித்து, சாமான்களைப் பொது டப்பாக்களில் போட்டுவிட வேண்டும். போன வருடம் பல் வைத்தியருடைய பெட்டி அப்படித்தான் போனது. அவர் அழுததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

கோமதிநாயகம் மறுநாளே பேட்டைக்கு பஸ் ஏறினார். ஆவுடையப்ப ஆசாரி பட்டறையில் அரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு வாங்க ஆசாரி. ஒண்ணு செஞ்சிருக்கேன்."

ஆசாரி கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்குதா?"

"நிக்கும்."

வீட்டுக்கு வந்து பெட்டியின் மூடியில் இரண்டு துளை போட்டார். மீட்டரின் சிவப்பு ஒயரை வாசலிலும் கறுப்பு ஒயரை எர்த்திலும் நிரந்தரமாகப் பற்றவைத்து, மீட்டரை மூடிமேல் எடுப்பாகப் பொருத்தினார். ஆய்வாளர் எந்நேரமும் மேலே உட்கார்ந்திருந்தால் பெட்டி எப்படி ஏமாற்றும்? பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. சின்னச் சின்ன எண்கள் துடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. ஆசாரி சலவை வேட்டியில் வந்து முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். கோமதிநாயகம் முள்ளை வைத்தார்.

பெட்டி பாடியது. ஆலாபனை பாடியது, தவில் சேர்ந்தபோதும் பாடியது, கடைசிவரை பாடியது. பதினெட்டு நிமிடம். முள் நடுவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பஸ் ஓட்டுநர் விசிலே அடித்தார். கோமதிநாயகம் ஆசாரியைப் பார்த்தார்.

ஆசாரி கைதட்டவில்லை. எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மேல உக்காந்திருக்கே, இது என்ன சார்?"

"மீட்டர்."

"இதும் நீங்க செஞ்சதா?"

"அது கடையில வாங்கினது. சரியா ஓடுதான்னு பாக்கதுக்கு."

"சரியா ஓடுறதுதான் காதுல கேக்கே. எடுத்துருங்க."

"இருந்தா என்ன ஆசாரி?"

"நான் தராசு கொண்டாந்தப்ப, தட்டுக்கு அடியில கையக் குடுத்துக்கிட்டு நேரா நிக்குன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீயளா?"

கோமதிநாயகம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் கரண்டை நிறுத்தி, மீட்டரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, முள்ளை மறுபடி வைத்தார். ஆலாபனை நன்றாகத்தான் போனது. தவில் சேர்ந்தது. நாகஸ்வரம் மூக்கடைத்தது. மெலிந்தது. தூரத் தெருவுக்குப் போய் நின்றுவிட்டது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

கோமதிநாயகத்துக்கு அவமானம் தாங்கவில்லை. இத்தனை பேர் முன்னால், அதுவும் இந்த ஆசாரி முன்னால். பேசாமல் வெயிலில் இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது.

ஆசாரி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளியே போகாமல் உட்கார்ந்ததுதான் அதிசயம்.

"இப்ப மணி என்ன?" என்றார் டீச்சர்.

"நாலு" என்றார் தபால்காரர்.

"பொழுது கெடக்கே. அண்ணாச்சி, இங்க வாங்க."

டீச்சர் அலமாரியிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

"இத வச்சு உங்க மீட்டர அளங்க."

"பெட்டிலதானே கோளாறு?"

"மீட்டர அளங்க."

"மீட்டர யாராச்சும் அளப்பாங்களா டீச்சர்?"

"வேலையில இருந்தப்ப நீங்க கையில கொண்டுபோற படிக்கல்ல அளக்க மாட்டீயளா?"

"அது எப்படி? வருசா வருசம் பெரிய ஆபீசுக்குக் கொண்டுபோய், அங்க உள்ள கல்லோட வச்சு…"

பாதியில் நிறுத்தினார். தன் மீட்டரை வோல்ட் அளக்கும் நிலையில் வைத்தார். டீச்சரின் மீட்டரை ஓம் அளக்கும் நிலையில் வைத்து, அதன் இரண்டு ஒயரையும் தன் மீட்டரின் இரண்டு ஒயரோடு சேர்த்தார்.

"என்ன காட்டுது?"

"பத்து மெகா ஓம்."

"அப்படின்னா?"

"உள்ளுக்குள்ள ஒரு வழி இருக்கு. செவப்புல இருந்து கறுப்புக்கு. சின்ன வழி. நூலளவு போவும்."

"கறுப்பு ஒயர பெட்டில எங்க வச்சிருந்தீய?"

"எர்த்துல."

"செவப்பு?"

"ரெண்டாம் அறை வாசல்ல."

கோமதிநாயகம் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மீட்டர் கசியுது டீச்சர்."

"ம்."

"நான் வாசல்ல மீட்டர வச்சேன்னு நெனச்சேன். வச்சது ஓட்டைய."

"ம்."

"அந்த ஓட்டை இருக்கப்பல்லாம் பாடிச்சு."

கோமதிநாயகம் போய்த் தன் பையைத் திறந்து உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். சிவப்பு அரக்கு பளபளத்தது.

"என்ன இது?" என்றார் பல் வைத்தியர்.

"வாசிங்க" என்றார் டீச்சர்.

கோமதிநாயகம் தன் கையெழுத்தைத் தானே வாசித்தார்.

"ரெசிஸ்டர், ஒன்று. ஒரு மெகா ஓம். வாசலில் நின்று பாட்டை மண்ணுக்குக் கசியவிட்டதற்காகத் தள்ளப்பட்டது. கோமதிநாயகம்."

முதலில் சிரித்தது ஆசாரிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெசிஸ்டரயும் விடலயா சார் நீங்க!" அப்புறம் மாடியே சிரித்தது. கோமதிநாயகத்துக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஆனால் சிரிப்பு அடங்குவதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே உதடு துடித்தது. கையெழுத்துக்குக் கீழே தேதிகூடப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

"எல்லாம் போட்டாச்சுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய் டீச்சர்."

"உங்க காது அன்னைக்கே சொல்லிட்டு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? தொறந்து பாத்திருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்குமே?"

"நான் தொறந்து போட்டா என் ரெசிஸ்டர். நீங்க போட்டா உங்க ரெசிஸ்டர். அரக்க ஒடைங்க. பொழுது போவுது."

அவர் வைத்த அரக்கை அவரே உடைத்தது கிடையாது. கோர்ட்டில்தான் உடைப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தினார். அரக்கு இரண்டாகப் பிளந்து மேசையில் விழுந்தது.

சால்டரிங் அயன் சூடாகும்வரை காத்திருந்தார். கரண்டைப் பிடுங்கி, கண்டன்சரில் தேங்கியிருந்த கரண்டை வடியவிட்டார். அது காலியானதை மீட்டரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார், அதில் மட்டும் அவர் மாறவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இடுக்கியால் ரெசிஸ்டரைப் பிடித்தார். ரெசிஸ்டரின் கால் வாசலைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் தொட்டது.

ஆசாரி எழுந்து வந்தார்.

"இடுக்கிய என்கிட்டக் குடுங்க."

"வேண்டாம் ஆசாரி. நானே செய்யணும்."

"நீங்கதான் செய்யப்போறீய. நான் பிடிக்க மட்டும் செய்யுதேன். என் பட்டறையிலயும் பிடிக்கதுக்கு ஒரு ஆள் உண்டு."

இடுக்கியை வாங்கிக் குனிந்தார். எழுபது வயதுக் கை, ஆடாமல் நின்றது. மயிரிழை பிசகவில்லை. அதைக் கோமதிநாயகம் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தார். பதினோரு தராசு அவர் நினைவுக்கு வந்தது. வாய்வரை வந்த வார்த்தையை ஈயப் புகையோடு விழுங்கிக்கொண்டு ஒரு காலைப் பற்றவைத்தார். பிறகு இன்னொரு காலை எர்த்தில் வைத்தார். ஈயம் உருகிப் பரவி, பளிச்சென்று உறைந்தது.

"சொல்ல வந்தத சொல்லிருங்க சார்" என்றார் ஆசாரி, நிமிராமல்.

"நல்ல கை ஆசாரி."

"ம். அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்னுதான் பஸ் ஏறி வந்தேன்."

மணி ஐந்தேகால். ஜன்னல் வெயில் மஞ்சளாகிச் சுவரில் ஏறிவிட்டது. மீட்டர் மேசையில் தனியாகக் கிடந்தது. மூடியில் இருந்த இரண்டு துளையும் வெறும் துளையாக இருந்தன. கோமதிநாயகம் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். வால்வுக்குள் செந்நிறம் மெல்லப் பிடித்தது. ஒரு நிமிடம் காத்திருந்து முள்ளை வைத்தார். இன்னொரு கையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஆலாபனை தொடங்கியது. யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. அது எப்போதும் நன்றாகத்தான் போகும்.

ஐந்தாவது நிமிடம் தவில் முதல் அடி அடித்தது. கோமதிநாயகத்தின் கண் மீட்டருக்குப் போனது. கால் ஒரு எட்டு எடுத்துவைத்தது. ஆசாரி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுங்க சார். அது நிக்கட்டும்."

தவில் ஏறியது. நாகஸ்வரம் மூக்கடைக்கவில்லை. தவில் இன்னும் ஏறியது, நாகஸ்வரமும் கூடவே ஏறியது. மீட்டர் இருந்தபோது கேட்டதைவிட இப்போது அடித்தொனி இறுகலாக இருந்தது. தவிலின் தோல் அதிர்வதும், வாசிப்பவர் மூச்சு வாங்குவதும், தட்டைப் பதிவுசெய்த அறையில் யாரோ ஒருவர் சபாஷ் என்று வாய்க்குள் சொல்வதும் கேட்டது. இத்தனை நாள் இதே தட்டைக் கேட்டிருந்தும் அந்த சபாஷ் யார் காதிலும் விழுந்ததில்லை. பஸ் ஓட்டுநர் தொடையில் தாளம் போட்டார். பல் வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் மூடவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

பதினெட்டாவது நிமிடம் முள் நடுவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

மாடியே எழுந்துவிட்டது. கைதட்டலில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து பார்த்தார். பஸ் ஓட்டுநர் கோமதிநாயகத்தைத் தூக்கப் பார்த்து முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோமதிநாயகம் வாய்விட்டே அழுதார். அவர் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. அழுதுகொண்டே எல்லாரிடமும் "கேட்டீயளா, கேட்டீயளா" என்றார். கேட்காமலா கைதட்டினார்கள்!

ஆசாரி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். விரலால் மூடியை ஒரு தட்டுத் தட்டினார்.

"நிக்குது சார்."

அவ்வளவுதான் சொன்னார். கோமதிநாயகம் கும்பிட்டார். ஆசாரியும் கும்பிட்டார். தட்டைத் திருப்பிப் போடச் சொல்லி எல்லாரும் சத்தம் போட்டார்கள். ஆசாரிதான் திருப்பிப் போட்டார்.

இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது கோமதிநாயகம் ஜன்னலோரம் போய் டீச்சருக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"ஓட்டை இல்லாம பாட்டு வராதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா இப்பவும் அந்த ரெசிஸ்டர் வழியா மண்ணுக்கு என்னமோ போய்க்கிட்டேதானே இருக்கு?"

"போய்க்கிட்டேதான் இருக்கு."

"என் பழக்கம் டீச்சர், அதான் கேக்கேன். பாட்டுல எவ்வளவு போவுது?"

டீச்சர் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தார். நாகஸ்வரம் உச்சியில் நின்றது.

"நீங்க கேட்டதுல ஏதாச்சும் கொறஞ்சுதா அண்ணாச்சி?"

"ஒண்ணும் கொறயல. முன்னவிடக் கூடத்தான் கேக்கு."

"அப்ப போறது பாட்டு இல்ல. சத்தம் கூடக்கூட அங்க தேங்குத கரண்டு. பாட்டு வர விடாம இத்தன நாளும் வாசல்ல அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தது."